பிறந்த சுபாவமும் வளரும் இடமும்



ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளில், ஒன்று புது ஆளைக் கண்டதும் தாயின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்வதும் மற்றொன்று அந்தப் புது ஆளின் மடியிலேயே ஏறி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதும் ஏன் என்ற கேள்வி மிகப் பழையது. பழமொழிகளைக் கேட்டால் அவை ஒரே பக்கம் நிற்பதில்லை. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது மரபுக்காகப் பேசுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது வளர்ப்புக்காகப் பேசுகிறது. இரண்டையும் ஒரே பாட்டி ஒரே நாளில் சொல்வதும் உண்டு. பாட்டியின் பேச்சில் பெரிய பிழை இல்லை என்றே குழந்தை உளவியலின் கடந்த எழுபது ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மரபு பாதி, சூழல் பாதி என்று தராசில் நிறுத்துக் கொடுக்கும் வழக்கமான விடை போதாது என்பதையும் அவையே காட்டுகின்றன.

சுபாவம் என்று இங்கே குறிக்கப்படுவது, யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே கைக்குழந்தையிடம் தென்படும் உணர்ச்சிப் போக்கு. எவ்வளவு விரைவில் மிரள்கிறது, எவ்வளவு உரக்க அழுகிறது, அழுகை அடங்க எவ்வளவு நேரமாகிறது, பசியும் உறக்கமும் நாள்தோறும் ஒரே வேளையில் வருகின்றனவா, புதிய சுவையை நாக்கில் வைத்தால் விழுங்குகிறதா துப்புகிறதா என்பவை அதன் அடையாளங்கள். பிற்காலத்தில் அனுபவமும் கல்வியும் நம்பிக்கைகளும் சேர்ந்து உருவாக்கும் ஆளுமைக்கு இது அடித்தளம் மட்டுமே. அமெரிக்க உளவியலாளர் மேரி ராத்பார்ட் இதை இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார்: ஒன்று, தூண்டல் வந்ததும் உடலும் மனமும் காட்டும் எதிர்வினை, மற்றொன்று, அந்த எதிர்வினையைக் குழந்தை தானே தணித்துக்கொள்ளும் ஆற்றல். முதலாவது பிறந்த சில வாரங்களிலேயே தெரியும். இரண்டாவது முதல் ஆண்டின் இறுதியில்தான் முளைவிட்டு, பள்ளி செல்லும் வயது வரை மெல்ல வலுப்பெறும். ஆறு மாதக் குழந்தை வேண்டுமென்றே அடம் பிடிக்கிறது என்று கோபித்துக்கொள்பவர்கள், இன்னும் உருவாகாத ஒன்றை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

இத்துறைக்கு அடிக்கல் நாட்டியது, மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் 1956இல் நியூயார்க் நகரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. பிள்ளை சரியில்லை என்றால் தாய் சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் அக்கால மனநல மருத்துவத்தில் ஊறியிருந்தது. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் தடுமாறுவதையும், குலைந்துபோன குடும்பங்களின் பிள்ளைகள் தெளிவாக வளர்வதையும் பார்த்துக்கொண்டிருந்த அவ்விருவருக்கும் அந்தத் தீர்ப்பில் நம்பிக்கை இல்லை. ஆகவே நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். பெற்றோரிடம் அவர்கள் கேட்டது கருத்தை அன்று, விவரத்தை; குழந்தைக்குப் புதிய உணவு பிடிக்கவில்லை என்று தாய் சொன்னால் அதோடு விடாமல், தலையைத் திருப்பிக்கொண்டதா, வாயிலிருந்து வழியவிட்டதா, வீறிட்டு அழுததா என்று துருவிக் கேட்டுக் குறித்துக்கொண்டனர். அந்தக் குறிப்புகளிலிருந்து துறுதுறுப்பு, உடல் ஒழுங்கு, புதியதை அணுகுதல் அல்லது விலகுதல், உணர்ச்சியின் வேகம், கவனச் சிதறல், விடாப்பிடி உள்ளிட்ட ஒன்பது அளவுகோல்கள் பிறந்தன.

அவற்றின்படி சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் பழகும் குழந்தைகள். சுமார் 10 விழுக்காட்டினர் ஒழுங்கற்ற பசியும் உறக்கமும் உரத்த அழுகையும் கொண்ட 'கடினமான' குழந்தைகள். சுமார் 15 விழுக்காட்டினர் முதலில் ஒதுங்கி நின்று மெல்ல மெல்லப் பழகுபவர்கள். மீதி 35 விழுக்காட்டினர் எந்த வகையிலும் அடங்கவில்லை. மூன்று வகைகளை மனப்பாடம் செய்யவைக்கும் பாடநூல்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இவர்களைச் சத்தமின்றி நழுவவிட்டுவிடுவது வழக்கம்.

மரபின் பங்கை அளக்க ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது இரட்டையரை. ஒரே கரு பிளந்து உருவாகும் இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுமையும் ஒன்று. இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவாகும் இரட்டையரோ, மற்ற உடன்பிறந்தாரைப் போலவே, ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதியை மட்டும் பகிர்கின்றனர். முதல் வகையினர் சுபாவத்தில் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார்களோ, அதைக் கொண்டு மரபுவழிப் பங்கு என்ற அளவு கணக்கிடப்படுகிறது. சுபாவத்தின் பல்வேறு கூறுகளுக்கு அது பெரும்பாலும் 20 முதல் 60 விழுக்காடு வரை வருகிறது. இந்த எண்ணைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இத்துறையில் வேறில்லை. ஒரு குழந்தையின் கூச்சத்தில் 40 பங்கு தாத்தாவிடமிருந்தும் 60 பங்கு தெருவிலிருந்தும் வந்தது என்பது இதற்குப் பொருளாகாது. ஒரு மக்கள் கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு, மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரத்தில் உணவும் வீடும் பள்ளியும் கிடைக்கும் இடத்தில், சூழலால் விளையும் வேறுபாடு சுருங்கிவிடுவதால், மரபின் பங்கு கூடியதாகத் தெரியும். மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

சூழலின் பங்கிலும் ஓர் எதிர்பாராத செய்தி இருந்தது. 1987இல் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் எழுதிய ஆய்வுரை, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. வீடு, வருமானம், பெற்றோரின் படிப்பு என உடன்பிறந்தார் அனைவருக்கும் பொதுவான சூழல், அவர்களை ஒருவரைப் போல ஒருவராக ஆக்குவதில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறிய பங்கையே வகிக்கிறது என்றும், ஆளுக்கு ஆள் மாறும் 'பகிரப்படாத சூழல்' பெரிதும் செயல்படுகிறது என்றும் அவர்கள் வாதிட்டனர். நோய், நண்பர்கள், வகுப்பாசிரியர், பிறப்பு வரிசை ஆகியவற்றோடு, ஒரே தாய் இருவரிடமும் இரண்டு விதமாக நடந்துகொள்வதும் இதில் அடங்கும்.

இனி, எந்த மரபணு? இந்தத் தேடலின் கதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை மீள உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் குறுகிய வடிவம் கொண்டவர்கள், வாழ்க்கைத் துன்பங்கள் நேர்ந்தால் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று 2003இல் நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு அறிவித்தபோது, மரபும் சூழலும் கைகோக்கும் இடம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது போன்ற உற்சாகம் எழுந்தது. 2009இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நடந்த மறுபரிசீலனையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2019இல் மிகப் பெரிய மக்கள் தொகுப்புகளில் நடந்த ஆய்வும், அதுவரை புகழ்பெற்றிருந்த 18 மரபணுக்களில் எதற்கும் எதிர்பார்த்த ஆதாரம் இல்லை என்றது. சுபாவம் ஒற்றை மரபணுவின் வேலை அன்று. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்களிக்கும் எண்ணற்ற மரபணுக்களின் கூட்டு வேலை என்றே இன்று கருதப்படுகிறது. 'கூச்ச மரபணு கண்டுபிடிப்பு' என்று இன்னும் தலைப்பிடும் இதழ்களை இதை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.

மரபணுவைத் தேடாமல் குழந்தையையே உற்றுப் பார்த்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன். 1980களின் இறுதியில், நான்கு மாதம் நிறைந்த சுமார் 500 குழந்தைகளை அவருடைய குழு ஒவ்வொருவராகச் சாய்விருக்கையில் கிடத்தி, முகத்துக்கு முன்னால் வண்ணப் பொம்மைகள் ஆடும் தொங்கலை அசைத்தது. பதிவு செய்த மனிதக் குரலைக் கேட்கச் செய்தது. நீர்த்த ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சை மூக்கருகே காட்டியது. ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால்களை உதைத்து, முதுகை வில்லாக வளைத்து அழுதன. ஐந்தில் இரண்டு பங்குக் குழந்தைகள் அசையாமல் வேடிக்கை பார்த்தன. பயம், எச்சரிக்கை ஆகியவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி எளிதில் கிளர்ச்சியடைவதே முதல் குழுவின் துடிப்புக்குக் காரணம் என்பது கேகனின் கருத்து. அந்தக் குழுவினரில் பலர், இரண்டாம் வயதில் புது ஆளையும் புது இடத்தையும் கண்டு ஒதுங்கினர். ஆயினும் பள்ளி வயதுக்குள் மிகுந்த அச்சம் உடையவர்களாகவே நிலைத்தவர்கள் சிறுபான்மையினர்தாம். அதேசமயம், அவர்களில் கலகலப்பின் உச்சத்துக்குப் போனவர்களும் அரிது. சுபாவம் குழந்தையின் எதிர்காலத்தை எழுதிவிடுவதில்லை என்றும், சில எதிர்காலங்களின் வாய்ப்பைக் குறைக்கிறது என்றும் கேகன் இதற்குப் பொருள் கண்டார்.

நிலைத்தவர்களையும் மாறியவர்களையும் பிரித்தது எது? கேகனின் மாணவி டோரீன் ஆர்கஸ் வீடுவீடாகச் சென்று கவனித்தபோது, எளிதில் மிரளும் குழந்தை சிணுங்கிய மாத்திரத்தில் ஓடிவந்து தூக்கி அணைத்த தாய்மாரின் பிள்ளைகளைவிட, அன்போடு இருந்தும் வயதுக்கேற்ற கட்டுப்பாடுகளை உறுதியாக விதித்து, சிறிய தடைகளைக் குழந்தையே சமாளிக்கவிட்ட தாய்மாரின் பிள்ளைகள் பின்னர் அச்சம் குறைந்தவர்களாக இருந்தனர். மிரளாத குழந்தைகளிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. ஒரே வளர்ப்பு முறை ஒரு பிள்ளைக்கு மருந்தாகவும் இன்னொரு பிள்ளைக்குப் பயனற்றதாகவும் இருக்க முடியும் என்றால், நல்ல வளர்ப்பு எது என்று பிள்ளையைப் பார்க்காமலே பட்டியல் போடும் நூல்களுக்கு என்ன மதிப்பு என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தாமஸும் செஸ்ஸும் இதற்குப் பொருத்தம் என்று பெயரிட்டனர்: குழந்தையின் சுபாவமும், சூழல் அதனிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றுக்கொன்று இசைந்தால் வளர்ச்சி சீராகிறது, மோதினால் சிக்கல் முளைக்கிறது. நியூயார்க்கிலேயே புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். இந்தக் குழந்தை இத்தனை மணிக்குத்தான் உறங்க வேண்டும் என்ற கட்டாயம் அக்குடும்பங்களில் இல்லாததால், ஒழுங்கற்ற உறக்கம் அங்கே ஒரு குறையாகவே கருதப்படவில்லை. பள்ளி தொடங்கி, காலையில் எழுப்ப வேண்டிய நிலை வந்த பிறகுதான் அதே பழக்கம் சிக்கலாயிற்று. மாறாக, நெருக்கடியான சிறு குடியிருப்புகளில், தெருவில் விளையாட விட அஞ்சிய பெற்றோருக்குத் துறுதுறுப்பான பிள்ளை பெரும் பாரமாக இருந்தது. இடவசதியுள்ள நடுத்தர வகுப்பு வீடுகளில் அதே துறுதுறுப்பு அவ்வளவாகக் கவலை தரவில்லை.

இதைவிடக் கூர்மையான சான்று கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்களிடமிருந்து வந்தது. 1970களின் கொடிய வறட்சிக் காலத்தில் மார்ட்டன் டிவ்ரீஸ் என்ற மனநல மருத்துவர், மாசாய்க் குழந்தைகளில் மிக எளிதான பத்துப் பேரையும் மிகக் கடினமான பத்துப் பேரையும் இனம் கண்டு வைத்திருந்தார். சில மாதங்களுக்குப் பிறகு திரும்பிச் சென்றபோது, கால்நடைகள் மடிந்து குடும்பங்கள் இடம் பெயர்ந்திருந்ததால், 13 குடும்பங்களைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. எளிதான குழந்தைகள் ஏழு பேரில் ஐவர் இறந்திருந்தனர். கடினமானவர்கள் ஆறு பேரில் ஒருவர் மட்டுமே இறந்திருந்தார். ஓயாமல் வீறிட்ட குழந்தைக்கு அடிக்கடி பால் கிடைத்திருக்கும், சமர்த்தாகக் கிடந்த குழந்தை பசியோடு கிடந்திருக்கும் என்பது அவர் ஊகித்த காரணங்களுள் ஒன்று. பதின்மூன்று குழந்தைகளை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது என்பது உண்மை; ஆயினும் நியூயார்க்கில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் காரணமான அழுகை, வறண்ட புல்வெளியில் உயிரைக் காக்கும் குரலாகவும் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

சூழல் மாறுவதற்கு ஊர் மாற வேண்டும் என்றுகூட இல்லை. சின்யின் சென் என்ற உளவியலாளரின் குழு, சீனாவின் ஷாங்காய் நகரத் தொடக்கப்பள்ளி மாணவர்களை 1990, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆராய்ந்தது. 1990இல் கூச்சமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்கள் விரும்பினர், ஆசிரியர்கள் திறமையானவர்களாகக் கருதினர். அடக்கமும் தன்னடக்கமும் அங்கே நற்பண்பாக மதிக்கப்பட்டன. 1998இல் படம் கலங்கலாயிற்று. சந்தைப் பொருளாதாரம் வேரூன்றி, முந்திக்கொண்டு பேசுபவர்க்கே வாய்ப்பு என்ற நிலை வந்த பிறகு, 2002இல் அதே கூச்சம் ஒதுக்கப்படுதலோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து காணப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நகரத்தின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை.

பொருத்தம் என்ற கருத்துக்கும் எல்லை உண்டு. எந்தச் சுபாவத்துக்கும் பொருந்தாத சூழல்களும் இருக்கின்றன. ருமேனியாவின் அரசு விடுதிகளில், ஆளுக்கு ஆள் மாறும் பணியாளர்களிடையே, பேசுவாரும் தூக்குவாரும் அரிதாக வளர்ந்த 136 குழந்தைகளை, 2000ஆம் ஆண்டு தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் மகிழ்ச்சியை வெளிப்படுத்தும் தன்மையும், ஒருவரையே நம்பிச் சார்ந்து நிற்கும் பாசப் பிணைப்பும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பிணைப்பின் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது.

குழந்தையும் தன் சூழலை உருவாக்குகிறது என்பது கடைசியாகச் சேர்க்க வேண்டியது. ஓயாமல் அழும் குழந்தை தாயைக் களைப்படையச் செய்கிறது. களைத்த தாய், அது அமைதியாக இருக்கும் சிறு பொழுதிலும், விட்டது தொல்லை என்று விலகி இருக்கப் பழகுகிறாள். சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் கிடைத்திருக்க வேண்டிய பொழுதும் அதனால் குறைந்துபோகிறது. நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் பூம், வருமானம் குறைந்த குடும்பங்களில் பிறந்து, பிறப்பிலேயே எளிதில் எரிச்சலடையும் 100 குழந்தைகளைத் தேர்ந்து, பாதிப் பேரின் வீடுகளில் மட்டும், ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையே மூன்று முறை ஆலோசனை கிடைக்கச் செய்தார். குழந்தை காட்டும் குறிப்பைக் கவனிப்பது, அதன் பொருளை ஊகிப்பது, காலம் தாழ்த்தாமல் ஏற்றபடி நடந்துகொள்வது, அழாத வேளையிலும் விளையாடுவது ஆகியவை மட்டுமே அங்கே தாய்க்குச் சொல்லித்தரப்பட்டன. 1994இல் வெளியான முடிவுகளின்படி, அக்குழந்தைகள் ஒன்பதாம் மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக அழுதன, தம்மைத் தாமே கூடுதலாகத் தேற்றிக்கொண்டன, பொருள்களை அதிக ஆர்வத்தோடு ஆராய்ந்தன. ஓராண்டு நிறைந்தபோது அவற்றில் கணிசமாகக் கூடுதலானவை தாயிடம் உறுதியான பிணைப்புக் கொண்டிருந்தன. மூன்றரை வயதில் மீண்டும் பார்த்தபோதும் அந்தப் பயன் முற்றிலும் கரைந்துவிடவில்லை.