பொங்கல் கழியட்டும் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுவது. இங்கு பேராவூரணியில் எல்லோரும் நலம். ஆனால் மருமகள் போனில் சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஹாலில் விளக்குப் போடாமல் நடக்கிறாயாம். மூன்று வாரமாக ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். அவளைக் கோபிக்காதே, துருவிக் கேட்டது நான்தான். வேலை போனால் போகட்டும். நீ உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடு.

கீழத்தோப்பை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பட்டா உன் பேரில் இருக்கிறது, முடிவும் உன்னுடையது. நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடு.

கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்த ராத்திரி நீ ஊரில் இல்லை. விடிந்து கதவைத் திறந்தால் வாசலிலிருந்தே வடக்குத் தெரு தெரிந்தது. அதுவரை தோப்புதான் மறைத்துக்கொண்டிருந்தது. மரமெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. நின்ற ஒன்றிரண்டுக்கும் கொண்டை முறுக்கிப்போயிருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் உங்கப்பா மேலத்தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று சர்க்கார் அறிவித்த பணம் கைக்கு வரும் முன்னே. அண்ணனை நான் குறை சொல்லவில்லை, கடன்காரன் வாசலில் நின்றான். ஆனாலும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாம். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் பேரில் இருந்ததால்தான் கீழத்தோப்பு தப்பியது. இன்றைக்கும் நான் மேலத்தோப்பு வழியாகக் கோயிலுக்குப் போவதில்லை. சுற்றித்தான் போகிறேன்.

கீழத்தோப்பில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. காலையில் குளித்து, நீராகாரம் குடித்துவிட்டு, அரிவாளோடு போய் அன்றைக்கு ஒரு மரத்து மட்டையைக் கழிப்பேன். தோப்பு முழுவதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன், பார்த்தால் கை ஓடாது. விழுந்த கட்டையைப் போட்டுவைத்தால் மக்கி, அதில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அப்புறம் புதுக் கன்றின் குருத்தைக் குடையும். அதனால் கட்டையை அகற்றிவிட்டுத்தான் குழி எடுத்தோம். நிழல் போயிற்றே என்று அழுத இடத்தில் வெயில் நன்றாக விழுந்தது, தையில் உளுந்து தெளித்தேன். கன்றுகளுக்கு வேப்பங்கொட்டைத் தூளை மணலில் கலந்து குருத்து மட்டை இடுக்கில் வைத்து வைத்து வளர்த்தேன். நெட்டை ரகம், ஆறாம் வருஷம்தான் பாளை விட்டது. அதைத்தான் இப்போது விற்கலாமா என்கிறாய்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடன் கணக்கை எடுக்காதே. பேங்குக்குப் பகலில் நேரில் போய்த் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். காலையில் சின்னவனை ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிப்போ. விற்பதென்றால் பொங்கல் கழித்து, ஊருக்கு வந்து, பாளை விட்ட மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விற்கலாம்.

அத்தை அதட்டுகிறாள் என்று நினைக்காதே தங்கம். உங்க மாமா போனபோது பதினொரு வயசுப் பிள்ளை நீ, பதினாறு நாளும் திண்ணையில் என் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தாய். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன புத்தி சொல்ல? நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். விற்றாலும் சம்மதம்தான். பஸ் பார்சலில் இருபது தேங்காயும் ரெண்டு படி உளுந்தும் போட்டிருக்கிறேன். மருமகளைக் களி கிண்டச் சொல், நல்லெண்ணெய் தாராளமாக விடச் சொல். சூட்டோடு சாப்பிடு.

அன்புடன்,
அத்தை