பழைய பொதிகளுக்கு விடைகொடுக்கும் முறை

கணினிக்கு வேண்டிய மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடித் திரட்டுதல் வருத்தந் தரும் வேலையாம். ஆதலின், அவற்றைப் பொதிகளாகக் கட்டி ஓரிடத்தில் வைத்து, வேண்டுவோர்க்கு வேண்டியபொழுது எடுத்து வழங்கும் ஏற்பாடு உண்டாயிற்று. அவ்வாறு வழங்கும் மென்பொருளைப் பொதி மேலாளர் என்பர். ஒரு பொதிக்கு வேறு பொதிகளின் துணை வேண்டுமாயின் அவற்றையும் அதுவே கொணர்ந்து சேர்க்கும். இப்பண்டசாலையிற் புதியன சேர்ப்பது எளிது. பழையன நீக்குவதே அரிது. அஃது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பழையதை அப்படியே விட்டுவைத்தால் வருந் தீங்கு யாது? ஆக்கியோன் கைவிட்ட மென்பொருளிற் பாதுகாப்புக் குறை வெளிப்படின், அதைத் திருத்துவார் இலர். அது புதிய இயங்குதளங்களில் உருவாகாமற் போதலும் உண்டு. பண்டசாலையில் இருப்பது நல்லதென்றே நம்பி எடுப்போர் பலர். அந்நம்பிக்கைக்குப் பழுது நேர்கிறது.

அப்படியாயின் உடனே எடுத்தெறியலாமோ எனின், அதுவும் தகாது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள், என்பிஎம் என்னும் பண்டசாலையிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற சிறு பொதியை அதன் ஆசிரியரே நீக்கிவிட்டார். அது பதினொரு வரியே உடையது. ஒரு சொற்றொடரின் இடப்பக்கத்தை வேண்டிய அளவுக்கு நிரப்புவதே அதன் தொழில். ஆயினும் பெரிய மென்பொருள்கள் பல அதனை நேராகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்தமையால், உலகெங்கும் அவற்றை உருவாக்கும் வேலை தடைப்பட்டது. அன்றே அப்பொதியை மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று. இப்பொழுது, வெளியிட்டு 72 மணி நேரம் கடந்த பொதியை ஆசிரியர் தாமே நீக்க வேண்டுமாயின், வேறு பொதி எதுவும் அதனைச் சார்ந்திருத்தலாகாது; முந்திய வாரத்தில் அது 300 தடவைக்குக் குறைவாகவே எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்; அதற்கு உரியவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பது விதி.

இவ்விரு தீங்குகளுக்கும் நடுவே செல்லும் வழியை, 2009-இல் தோன்றிய ஹோம்புரூ என்னும் பொதி மேலாளரிடத்துக் காண்கிறோம். அங்கே நீக்கம் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதற்படி எச்சரிக்கை: பொதி கிடைக்கும், ஆயின் நிறுவுவோர்க்கு அது கைவிடப்படுவதும் அதன் காரணமும் அறிவிக்கப்படும், மாற்றுப் பொதி உண்டாயின் அதன் பெயரும் சொல்லப்படும். இரண்டாம்படி தடை: புதிதாக நிறுவ இயலாது, முன்பே நிறுவியவர் கணினியில் உள்ளதோ பறிக்கப்படுவதில்லை. மூன்றாம்படி நீக்கம்: தடை விதித்து ஓராண்டு சென்றபின் பொதியின் குறிப்பு பட்டியலினின்றும் எடுக்கப்படும். அப்பொழுதும் பழைய குறிப்பு வரலாற்றுப் பதிவில் நிலைத்திருத்தலால், வேண்டுவோர் அதைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

தவணை எவ்வளவு நீளல் வேண்டும் என்பதே கடினமான வினா. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2015 வரை என்று குறித்த தவணையை, மாற முடியாதோர் பலராயிருந்தமையால், 2020 வரை நீட்டினர். 2020 சனவரி 1-ஆம் நாளோடு அதன் ஆதரவு முடிந்தது. டெபியன் என்னும் தொகுப்போ 2023-இல் வெளியிட்ட தன் 12-ஆம் பதிப்பிற்றான் அதனை விலக்கிற்று. ஒன்றை விலக்குதற்கு அதனைச் சார்ந்த யாவற்றையும் முன்னர்த் திருத்தவோ விலக்கவோ வேண்டியிருத்தலே இத்தாமதத்துக்குக் காரணமாம்.

இவற்றால் நாம் அறிவது யாதெனின், ஓய்வு கொடுத்தல் வேறு, அழித்தல் வேறு என்பதே. காரணத்தைச் சொல்லுதல், நாளைக் குறித்தல், மாற்றைக் காட்டுதல், பழையதன் பதிவைக் காத்தல் ஆகிய நான்கும் அமைந்தவிடத்து, சார்ந்திருப்போர் அல்லற்படார். பண்டசாலையும் நம்பிக்கை இழவாது. மென்பொருள் கற்கும் நம் மாணவர்கள், ஒரு பொதியை எடுக்குமுன் அதனை இன்னும் பேணுவோர் உளரா என நோக்குவதும், தாம் வெளியிட்டதைக் கைவிடுமுன் அதனைச் சார்ந்தோரை எண்ணுவதும் கடமையெனக் கொள்வார்களாக.