ஷெட்லாந்துச் சால்வை

குளிர் மிகுந்த நாடுகளில் வழிச்செல்வோர்க்குக் கழுத்தையும் தோளையும் காக்கும் போர்வை இன்றியமையாதது. அது கதகதப்பாக இருத்தல் வேண்டும். சுமையாக இருத்தல் ஆகாது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தது கம்பளிப் பின்னல். ஆட்டுமயிர் இயல்பாகவே சுருண்டு நெளிந்திருக்கும். அந்நெளிவுகளுக்கு இடையிலும், பின்னலின் கண்ணிகளுக்கு இடையிலும் காற்றுத் தங்குகின்றது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆதலின் உடலின் சூடு விரைந்து வெளியேறாது. போர்த்தியவரைக் காப்பது கம்பளி என்பதைவிட, அது சிறைப்பிடித்த காற்று என்பதே பொருந்தும்.

இக்கலையில் பெரும்புகழ் பெற்றோர் ஷெட்லாந்துத் தீவுகளின் மகளிர் ஆவர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக் மாகடலுக்கும் வடகடலுக்கும் இடையே அத்தீவுகள் உள்ளன. அங்குக் காற்று ஓயாது வீசும். மரங்களோ மிகச் சில. அத்தீவுகளின் சிற்றாடுகள் கோடையின் தொடக்கத்தில் தாமே மயிர் உதிர்க்கும் இயல்பின. முற்காலத்தில் அம்மயிரைக் கத்தரியால் வெட்டாது, கையாலேயே மெல்லப் பறித்தெடுத்தனர். கழுத்துப் பகுதியின் மென்மயிரே நுண்ணிய நூலுக்கு உரியது. அந்நூலால் பின்னிய ஆறடிச் சதுரச் சால்வை ஒரு மணமோதிரத்தினுள் நுழைந்து வெளிவரும்!

அக்காலத்தில் ஆடவர் மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றுவிடுவர். வயலும் ஆடுமாடும் பெண்டிர் பொறுப்பு. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளை அவர்களே முதுகுக்கூடையில் சுமந்து வருவர். அப்பொழுதும் கைகள் காலுறை பின்னிக்கொண்டிருக்கும். இடையில் துளைகள் உள்ள தோற்கச்சை ஒன்றைக் கட்டியிருப்பர். ஊசியின் ஒரு முனையை அத்துளையில் செருகிவிட்டால் அஃது அசையாது நிற்கும்; நடையும் தடைப்படாது, கண்ணியும் தவறாது. நுண்ணிய சால்வைக்கோ இது போதாது. அதற்கு அமர்ந்த இருக்கையும் கூர்ந்த பார்வையும் வேண்டும்.

இத்துணை உழைப்புக்கு அவர்கள் பெற்றது யாது? 19-ஆம் நூற்றாண்டில் வணிகர் பலர் கூலியைப் பணமாகக் கொடுப்பதில்லை; தம் கடையிலுள்ள தேயிலையும் துணியுமே கொடுத்தனர். வீட்டில் மாவு இல்லாத பெண், அத்தேயிலையை மற்றொருவரிடம் கொடுத்து மாவு பெற வேண்டியிருந்தது. 1872-இல் அரசாங்கம் இதுபற்றி விசாரணை நடத்தியது. பின்னும் மகளிர் பலர் முன்வந்து தம் நிலையை எடுத்துரைத்தனர். 1887-இல் இயற்றப்பட்ட சட்டம், வீட்டிலிருந்து பின்னும் கம்பளிப் பொருள்களுக்கும் பணமே கொடுத்தல் வேண்டும் என விதித்தது. எனினும் பழைய வழக்கம் உடனே ஒழியவில்லை. சால்வை கடைக்குச் செல்வதும் தேயிலை வீட்டுக்கு வருவதும் மேலும் சில காலம் நீடித்தன.