கஅபாவின் அருகே நான்கு ஆசைகள்



உங்களுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் தயாராக இருக்கும். கடனில்லாத சொந்த வீடு, நல்ல வருமானம், நோயற்ற உடம்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல இடத்தில் நிக்காஹ். இவற்றில் எதுவும் ஹராமான ஆசை அல்ல. ஆனால் இவற்றில் எதை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறீர்கள்? இதே பேச்சு ஒருநாள் கஅபாவின் அருகிலேயே நடந்திருக்கிறது.

அபூ நுஐம் (ரஹ்) அவர்கள் ஹில்யத்துல் அவ்லியாவில் பதிவு செய்துள்ள செய்தி இது. கஅபாவை ஒட்டிய ஹிஜ்ர் பகுதியில் நான்கு பேர் கூடியிருந்தனர். ஸுபைர் (ரலி) அவர்களின் மகன்களான அப்துல்லாஹ் (ரலி), முஸ்அப், உர்வா ஆகிய மூவர். நான்காமவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி). ஆளுக்கொரு ஆசையைச் சொல்வோம் என்று பேச்சு வந்தது. (நான்காமவராக அப்துல் மலிக் பின் மர்வான் இடம்பெறும் அறிவிப்பும் உண்டு.)

அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) கிலாஃபத்தை விரும்பினார். முஸ்அப் இராக்கின் ஆளுநர் பதவியையும், ஆயிஷா பின்த் தல்ஹா, ஸுகைனா பின்த் ஹுஸைன் ஆகிய இருவரையும் மணப்பதையும் விரும்பினார். உர்வா, மக்கள் தம்மிடமிருந்து இல்மைப் பெற வேண்டும் என்றார். இப்னு உமர் (ரலி) அவர்களோ அல்லாஹ்வின் மன்னிப்பு போதும் என்றார்.

முதல் மூவருக்கும் கேட்டது கிடைத்தது.

ஹிஜ்ரி 64-ல் இப்னு ஸுபைர் (ரலி) கலீஃபாவானார். அவர் ஆட்சியை விரும்பியதை யாரும் உலக ஆசை என்று எண்ணிவிட வேண்டாம். தீயில் சேதமடைந்திருந்த கஅபாவை இப்ராஹீம் (அலை) அவர்களின் அடித்தளத்தின் மீது எழுப்பி, ஹிஜ்ர் பகுதியை அதற்குள் சேர்த்தவர் அவர்தான். எந்த இடத்தில் அமர்ந்து ஆசைப்பட்டாரோ அந்த இடத்தையே கஅபாவுக்குள் கொண்டுவந்தார்! ஹிஜ்ரி 73-ல் ஹஜ்ஜாஜின் படை அவரைக் கொன்றது. அந்தக் கட்டடமும் மாற்றப்பட்டது. முஸ்அப் இராக்கை ஆண்டார், அந்த இரு பெண்களையும் மணந்தார். ஹிஜ்ரி 72-ல் அப்துல் மலிக்கின் படையுடன் போரிட்டு உயிரிழந்தார்.

உர்வா (ரஹ்) அவர்களின் கதை வேறு. தம் சிறிய தாயார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஹதீஸ்களைக் கற்று, மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவராக உயர்ந்தார். மாணவர்கள் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தாமே மக்களை அன்பாக அழைத்துக் கற்றுக்கொடுத்தார். பேரீச்சை பழுக்கும் காலத்தில் தம் தோட்டத்துச் சுவரில் வழி திறந்துவிடுவாராம். வந்தவர்கள் சாப்பிடலாம், எடுத்தும் செல்லலாம். இல்மையும் அப்படித்தான் திறந்து வைத்திருந்தார்.

கலீஃபா வலீதைக் காண ஷாம் சென்ற பயணத்தில் அவருடைய காலில் அழுகல் நோய் ஏற்பட்டது. காலையே வெட்ட வேண்டிய நிலை. மயக்கம் தரும் பானத்தை மறுத்துவிட்டார். அதே பயணத்தில் மகன் முஹம்மத் குதிரை உதைத்து இறந்துபோனார். அப்போதும், கைகால் நான்கில் ஒன்றைத்தானே எடுத்துக்கொண்டாய், பிள்ளைகளில் ஒருவரைத்தானே எடுத்துக்கொண்டாய் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தார். ஒரு காலோடு மதீனா திரும்பினார். அவர் ஆசைப்பட்டது மட்டும் அப்படியே இருந்தது. இன்று நீங்கள் புகாரியைத் திறந்தாலும் ஆயிஷா (ரலி) அவர்களின் ஹதீஸ்களில் எத்தனையோ இடங்களில் உர்வாவின் பெயரைக் காண்பீர்கள்.

இனி இப்னு உமர் (ரலி). உஸ்மான் (ரலி) கொல்லப்பட்ட பின் மக்கள் அவரிடம் வந்து பைஅத் செய்ய முன்வந்தனர். தமக்காக இரத்தம் சிந்தப்படுவதை விரும்பாமல் மறுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் மக்காவில், கொல்லப்பட்டுத் தொங்கவிடப்பட்டிருந்த இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் உடலருகே வந்து நின்றார். ஸலாம் சொன்னார். இது வேண்டாம் என்று நான் தடுத்தேனே என்றார். நோன்பு நோற்றவர், நின்று வணங்கியவர், உறவைப் பேணியவர் என்றும் சாட்சி சொன்னார். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சுற்றிலும் ஹஜ்ஜாஜின் ஆட்கள் இருக்கும்போது சொன்ன வார்த்தைகள் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய ஆசை நிறைவேறியதா? மூவரும் கேட்டதைப் பெற்றார்கள் என்று சொன்ன அறிவிப்பாளர் இவரைப் பற்றி, மன்னிக்கப்பட்டிருக்கக் கூடும் என்று மட்டுமே சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இன்று ஜும்ஆ. துஆ ஏற்கப்படும் நேரம் அஸருக்குப் பின் மஃக்ரிபுக்கு முன் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்நேரம் கடையிலோ பயணத்திலோ கழிந்துவிடாமல் சற்று அமருங்கள். பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்து, அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். வீட்டில் எதைப் பற்றி அதிகம் பேசுகிறீர்களோ, பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.