வாயில் புகையிலை, வயிற்றில் குழந்தை



"மசக்கையில வாய் குமட்டுதுங்க, அதான் துளி போயிலை போட்டுக்கிறேன்" என்று கர்ப்பிணிகள் சிலர் சொல்வதுண்டு. அந்தத் துளி வாயோடு நிற்பதில்லை. அது எங்கெல்லாம் போகிறது என்பதைக் கணவன், மனைவி இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகையிலையில் என்ன இருக்கிறது?

நிகோடின் என்னும் இரசாயனப் பொருள் இருக்கிறது. பூச்சிகள் தின்றுவிடாதபடி செடி தனக்கென்று உண்டாக்கிக்கொள்ளும் விஷம் அது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் காரம், அதை வாயின் உட்தோல் வழியே சீக்கிரம் இரத்தத்தில் சேர்க்கிறது. இரத்தம் அதை மூளைக்குக் கொண்டுபோகிறது.

மூளையில் என்ன செய்கிறது?

நரம்புக்கு நரம்பு சேதி சொல்ல, அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடம்பே சுரக்கிறது. அது பூட்டில் சாவி பொருந்துவது போல நரம்பில் பொருந்தும். நிகோடின் ஒரு கள்ளச்சாவி. அதே பூட்டைத் திறந்து, 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. சுறுசுறுப்பு வந்தாற்போல இருக்கும். சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். எரிச்சல் வரும், தலை வலிக்கும், கை சுருக்குப்பையைத் தேடும். இது கெட்ட புத்தி அல்ல. நரம்பு அதற்குப் பழகிவிட்டது.

"பாக்கு மட்டும் போடலாமா?"

கூடாது. பாக்கிலும் அரிகோலின் என்ற பொருள் உண்டு. பாக்கு சொக்கி, வியர்த்து, தலை சுற்றுவது அதனால்தான். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியுள்ளது.

குழந்தைக்கு என்ன கேடு?

நிகோடின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்கிறது. தாயின் இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. குழந்தை நாள் நிறையாமல் பிறக்கலாம், 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கலாம், இறந்தும் பிறக்கலாம். பிறந்த பின் தாய்ப்பாலிலும் நிகோடின் கலக்கும். கணவர் வீட்டுக்குள் விடும் பீடிப்புகையும் கேடுதான்.

என்ன செய்யலாம்?

இருவரும் ஒரே நாளில் நிறுத்துங்கள். கணவர் சந்தையிலிருந்து புகையிலை வாங்கி வரக் கூடாது. முதல் வாரம்தான் கஷ்டம். ஆசை எழும்போது தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் சீரகம் மெல்லுங்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். மசக்கைக் குமட்டலுக்குக் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். புகையிலையை விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

பிள்ளைக்குத் தொட்டில் கட்டுமுன் சுருக்குப்பையைக் காலி செய்யுங்கள்!