கனம் குறையக் குறைய விலை கூடுவது ஏன்?

மின்னணுப் பொருள் கடையின் மடிக்கணினி வரிசையில் ஒரு முரண் கண்ணில் படும். 2 கிலோவை ஒட்டிய எடையும் 15.6 அங்குலத் திரையும் கொண்ட லேப்டாப் ஒன்று நடுத்தர விலையில் இருக்கும். அதற்கு அடுத்து, அதைவிடச் சிறிய திரையோடும் குறைவான போர்ட்களோடும் ஒன்று லட்ச ரூபாயை எட்டி நிற்கும். எம்4 சிப் கொண்ட மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 99,900 ரூபாய், திரை 13.6 அங்குலம், எடை 1.24 கிலோ. டெல் எக்ஸ்பிஎஸ் 13, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், எல்ஜி கிராம் ஆகியவையும் இதே வகைதான். பெரிய தொகையைக் கொடுத்துச் சிறிய பொருளை வாங்கும்போது, அதில் எல்லாமே உயர்வாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஏமாற்றமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இந்த வகை லேப்டாப்பில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மூன்று குணங்களுக்கானது: குறைந்த எடை, சத்தமின்மை, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி. இம்மூன்றும் தேவைப்படுகிறவருக்கு அந்த விலை நியாயமானது. வேகம், ஆயுள், பின்னாளில் விரிவாக்கும் வசதி ஆகியவையும் அதே விலைக்குள் அடங்கும் என்று நினைப்பது தவறு. அதோடு விலை அட்டையில் அச்சிடப்படாத இரண்டாவது விலை ஒன்றும் உண்டு. வாங்கிய நாளில் எடுத்த முடிவை அதன் பிறகு மாற்ற முடியாது என்பதே அது. பரவலாக உள்ள சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் இது தெளிவாகும்.

நம்பிக்கை 1: விலை கூடினால் வேகமும் கூடும்

கணினியின் வேகத்துக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் வெப்பம். சிப் எவ்வளவு மின்சாரத்தை எடுக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவையும் வெப்பமாக வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள வழியில்லாதபோது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கென்று தயாரிக்கப்படும் தடித்த லேப்டாப்பில் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து 100 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட முடிவது, உள்ளே பெரிய விசிறிகளும் செம்புக் குழாய்களும் இருப்பதால்தான். மெலிந்த உடலில் அவற்றுக்கு இடமில்லை. இதை நேரடியாகக் காட்டும் ஒப்பீடு 2022இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் எம்2 சிப்பை விசிறியுள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும், விசிறியே இல்லாத மேக்புக் ஏரிலும் வைத்து விற்றது. இணையப் பக்கம் திறப்பது, படம் திருத்துவது போன்ற குறுகிய வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீண்ட வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதோ, விசிறியில்லாத ஏர் சிறிது நேரம் முழுவீச்சில் ஓடிய பின் பின்தங்கியது. விசிறி உள்ளது அதே வேகத்தில் தொடர்ந்தது. சிப் ஒன்றுதான், வெப்பம் வெளியேறும் வழி வேறு. ஆகவே 3டி வடிவமைப்பு, நீண்ட வீடியோ வேலை, கனமான விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு அதே விலையில் தடித்த லேப்டாப்பே மேலானது.

நம் ஊர்க் கோடையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மேக்புக் ஏரை இயக்க ஏற்ற சுற்றுப்புற வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. மே மாதத்தில் சென்னையிலும் வேலூரிலும் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தொடும். குளிரூட்டப்படாத அறையில் மெத்தையின் மேல் வைத்து வேலை செய்தால், விசிறியில்லாத லேப்டாப் தன் உச்ச வேகத்தை இன்னும் சீக்கிரமாகவே இழக்கும்.

நம்பிக்கை 2: மெலிந்தது என்றால் வலுவற்றது

மேலே சொன்னதை வைத்து நேர் எதிரான முடிவுக்குப் போவதும் தவறு. இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய முதல் மேக்புக் ஏர் 1,799 டாலர் விலையில் வந்தது. அதில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்தான் இருந்தது, வேகமும் அன்றைய பிற லேப்டாப்களைவிடக் குறைவு. 2015இல் வந்த 12 அங்குல மேக்புக் 0.92 கிலோ எடையில் வியக்கவைத்தாலும் வேகத்தில் தளர்ந்தே இருந்தது. 2019இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நிலைமை பெரிதாக மாறியது 2020 நவம்பரில், எம்1 சிப் வந்தபோது. கைபேசிச் சிப் வடிவமைப்பின் வழியில் வந்த அது, குறைந்த மின்சாரத்தில் அன்றைய பல தடித்த லேப்டாப்களுக்கு இணையான வேகத்தைக் கொடுத்தது. 2024இல் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்களும், இன்டெலின் லூனார் லேக் சிப்களும் விண்டோஸ் லேப்டாப்களை அதே திசையில் நகர்த்தின.

எழுதுவது, கணக்குப் பதிவேடு, நிரல் எழுதுவது, இணையவழிக் கூட்டம், படத் திருத்தம் எனப் பெரும்பாலோரின் அன்றாட வேலைகள் குறுகிய வீச்சுகளாக நடப்பவை. நாம் படிக்கும் நேரத்திலும் யோசிக்கும் நேரத்திலும் சிப் ஓய்வெடுத்து ஆறிவிடுகிறது. இந்த வேலைகளுக்கு இன்றைய மெலிந்த லேப்டாப் தாராளமாகப் போதும். பேட்டரியிலும் இதே நியாயம்தான். எம்4 மேக்புக் ஏரின் பேட்டரி 53.8 வாட்-மணி கொள்ளளவு மட்டுமே கொண்டது. விளையாட்டு லேப்டாப்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய பேட்டரி இருந்தும், சார்ஜரைக் கழற்றினால் அவை அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரியின் அளவைவிட, சிப்பின் சிக்கனம்.

நம்பிக்கை 3: இப்போது அடிப்படை மாடல் போதும், பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ளலாம்

அதிகமானோருக்குப் பண இழப்பைத் தருவது இந்த நம்பிக்கைதான். பழைய லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் ரேம் அட்டையைக் கழற்றிப் பெரியதை மாட்டலாம். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் ரேம், மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசையிலும் இன்டெலின் லூனார் லேக்கிலும் அது சிப்பின் தொகுப்புக்குள்ளேயே வைக்கப்பட்டுவிட்டது. லூனார் லேக்கில் கிடைப்பது 16 அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் இல்லை. எஸ்எஸ்டியைச் சில விண்டோஸ் மாடல்களில் மாற்றலாம். மேக்புக்கில் அதற்கும் வழியில்லை. 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரின் அடிப்படை மாடல் 8 ஜிபி ரேமுடன்தான் விற்கப்பட்டது. அந்த மாதத்தில் ஆப்பிள் அதை 16 ஜிபியாக உயர்த்தியது. அதற்கு முந்தைய வாரம் 8 ஜிபி வாங்கியவரின் கணினி கடைசிவரை 8 ஜிபிதான்.

இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. அதில் பாதி உண்மை உண்டு. ரேம் சிப்புக்கு மிக அருகில் இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், தரவு விரைவாகப் போய்வரும், இடமும் மிச்சமாகும். முன்பு பாராட்டிய பேட்டரி நேரத்தில் இதற்கும் பங்கு உண்டு. மறுபாதி வணிகம். எம்4 மேக்புக் ஏர் 2025இல் வந்தபோது, 512 ஜிபி சேமிப்புடன் 16 ஜிபி ரேம் உள்ளது 1,19,900 ரூபாய். அதுவே 24 ஜிபி என்றால் 1,39,900. கூடுதல் 8 ஜிபிக்கு 20,000 ரூபாய். வெளியே வாங்கிப் பொருத்த வழியில்லாத இடத்தில்தான் இப்படி ஒரு விலை நிலைக்க முடியும். வேறு வழி இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் விற்கத் தொடங்கிய 13 அங்குல லேப்டாப் ஏறத்தாழ 1.3 கிலோ எடைதான். அதில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் உரிமையாளரே ஸ்குரூடிரைவரால் கழற்றி மாற்றலாம். எனவே இந்த வகையில் ஒன்றை வாங்குகிறவர், இன்றைய தேவைக்கு அன்றி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வரக்கூடிய தேவைக்கே ரேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் போதாதென்றால் ஆடம்பர நிறத்தையும் மேல்மாடல் சிப்பையும் விட்டுக்கொடுக்கலாம். ரேமை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம்பிக்கை 4: உலோக உடல், உயர்ந்த தரம்; ஆகவே நீண்ட ஆயுள்

உடலின் உறுதி ஆயுளுக்கு உறுதி தராது. 2015 முதல் 2019 வரை ஆப்பிள் தன் மெலிந்த மேக்புக்குகளில் பயன்படுத்திய பட்டர்ஃபிளை கீபோர்டு இதற்குப் பெரிய சான்று. உயரத்தைக் குறைக்க உருவாக்கப்பட்ட அந்த விசைகள் சிறு தூசு புகுந்தாலே சிக்கிக்கொண்டன. 2018இல் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கு இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2020இல், கேமரா மேல் மூடி ஒட்டியபடி மேக்புக்கை மூடினால் திரை சேதமடையலாம் என்று ஆப்பிளே எச்சரித்தது. திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி. ஒன்றோடொன்று இறுக்கமாக இணைக்கப்பட்ட பாகங்களால் பழுதுச் செலவும் உயர்கிறது. ஒரு விசை கெட்டால் மேல்பாகம் முழுவதையும் மாற்ற நேரலாம். எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே இருப்பதால், தேநீர் கொட்டி மதர்போர்டு போனால் தரவுகளும் அதோடு போகக்கூடும். இப்படிப்பட்ட சேதம் வழக்கமான வாரண்டியில் அடங்காது. வெளி டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பிலோ தொடர்ந்து பேக்கப் எடுப்பது இந்த வகை லேப்டாப்புக்கு இன்றியமையாத செலவு.

ஆயுளைத் தீர்மானிக்கும் இன்னொன்று மென்பொருள் ஆதரவு. 2020இல் ஆப்பிள் இரண்டு மேக்புக் ஏர்களை வெளியிட்டது: மார்ச்சில் இன்டெல் சிப்புடன் ஒன்று, நவம்பரில் எம்1 சிப்புடன் ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ எம்1 ஏரில் இயங்குகிறது. இன்டெல் ஏருக்குக் கிடைக்கவில்லை. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறக்குறைய எல்லா இன்டெல் கணினிகளிலும் எட்டாம் தலைமுறைச் சிப்பையாவது கேட்கிறது. 2016இல் ஏழாம் தலைமுறைச் சிப்புடன் பெரும் விலைக்கு வாங்கிய எக்ஸ்பிஎஸ் 13 உடல் கெடாமல் இருந்தும் அந்த வரிசைக்கு வெளியே நின்றுவிட்டது. கொடுத்த விலை அதற்குக் காப்பாக அமையவில்லை. ஆகவே பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்கும்போது அலுமினிய உடலைத் தட்டிப் பார்ப்பதைவிட, சிப் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பார்ப்பது மேல்.

நம்பிக்கை 5: போர்ட் குறைவுக்கு ஒரு ஹப் போதும்

ஓரளவு உண்மை. ஒரே யூஎஸ்பி-சி கேபிளில் சார்ஜ், திரை, தரவு மூன்றும் போவது உண்மையான வசதி. ஆனால் போர்ட்டின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றாக இருக்காது. சிப்பின் வரம்பை ஹப்பால் மீறவும் முடியாது. எம்1 ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும். எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு. எம்4இல்தான் திறந்தபடியே இரண்டு. வீட்டில் பெரிய திரைகளோடு வேலை செய்பவர் இதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 6: இதெல்லாம் வெறும் பகட்டு

கடைசியாக, மறுபக்கத்தின் வாதம். பாதி விலையில் அதே வேலையைச் செய்யும் லேப்டாப் இருக்கும்போது இது வீண் செலவல்லவா என்று கேட்கிறார்கள். மேசையை விட்டு நகராத கணினிக்கு இந்தக் கேள்வி முழுக்கச் சரி. அதே பணத்தில் நல்ல மேசைக் கணினியும் பெரிய திரையும் தனிக் கீபோர்டும் வாங்கலாம். கழுத்துக்கும் கண்ணுக்கும் அதுவே நல்லது. ஏனென்றால் எந்த லேப்டாப்பிலும் திரையும் கீபோர்டும் பிரியாமல் இருப்பதால் கழுத்து குனிந்தே தீரும், திரை சிறுத்தால் இன்னும் குனியும். ஆனால் பேருந்திலும் மின்சார ரயிலிலும் நின்றபடி தினமும் போய்வருகிற மாணவர், களத்துக்குச் செல்லும் செய்தியாளர், ஊர் ஊராகச் சுற்றும் ஆய்வாளர் ஆகியோருக்கு ஒரு கிலோ குறைவது தோளும் முதுகும் உணரும் நன்மை. சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடிந்தால் இன்னும் கொஞ்சம் எடை குறைகிறது. தினமும் தூக்குகிறவரின் தேவையைப் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆகவே முடிவெடுக்கும் கேள்விகள் எளியவை. வாரத்தில் எத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டு போவீர்கள்? உங்கள் வேலை குறுகிய வீச்சுகளாக நடப்பதா, மணிக்கணக்கில் சிப்பை ஓட்டுவதா? ஐந்தாறு ஆண்டுக்குத் தேவையான ரேமை இன்றே வாங்கப் பணம் இருக்கிறதா? முதல் கேள்விக்கு 'ஒன்றிரண்டு நாள்' என்பது பதிலானால், இந்த வகை உங்களுக்கானதல்ல. மூன்றுக்கும் சாதகமான பதில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்கியதைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு லேப்டாப்பால் விளையும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது தயாரிக்கப்படும்போதே வெளியாகிவிடுகிறது.

வாங்குகிறவரின் கவனம் மட்டும் போதாது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்களின் விலையோடு, அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு 10க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணும் காட்டப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. அந்த முயற்சி கடையின் விலை அட்டைவரை வந்து சேர வேண்டும். எடையைக் கிராம் கணக்கில் பெருமையோடு விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள், ரேமை மாற்ற முடியுமா, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டுவரை என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடக் கடமைப்பட்டவை. அதுவரை, பணத்தைக் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் விற்பனையாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.