சாலிட் பிளாக் உதிர்கிறது: கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: நாங்கள் குடியிருக்க வீடு கட்டி வருகிறேன். 6 அங்குல சாலிட் பிளாக் 2,000 வாங்கினேன். லிண்டல் மட்டம் வரை சுவர் ஏறிவிட்டது. 300 பிளாக் மீதி இருக்கிறது. லாரியிலிருந்து இறக்கும்போதே முனை உடைந்தது. விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டுகிறது. கம்பெனியில் கேட்டால், “உங்கள் மேஸ்திரி சுவருக்குத் தண்ணீர் விடவில்லை” என்கிறார்கள். ஜி.எஸ்.டி. பில் தரவில்லை, எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. என்ன செய்வது?

– வாசகர், திருப்பூர்

பதில்: வழக்குப் போடலாம். அதற்கு உங்கள் முதல் சாட்சி, கட்டாமல் கிடக்கும் அந்த 300 பிளாக்தான். தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். சுவருக்குத் தண்ணீர் விடுவது சிமென்ட் கலவை இறுகுவதற்கு. பிளாக்கின் பலம் கம்பெனியில் செய்த கலவையிலும் கியூரிங்கிலும் இருக்கிறது. சுவரில் ஏறாத பிளாக்கும் உதிர்ந்தால் மேஸ்திரியைக் குறை சொல்ல வழியில்லை.

அளவுகோல் ஐ.எஸ். 2185 (பகுதி 1): 2005. சாலிட் பிளாக்கின் கீழ்த் தரத்துக்கே, 8 பிளாக்குகளின் 28 நாள் அழுத்த பலம் சராசரியாகச் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் வர வேண்டும். எந்த ஒன்றும் 3.2-க்குக் குறையக் கூடாது. 16 அங்குல நீளமுள்ள உங்கள் பிளாக் என்றால் சராசரி சுமார் 24 டன் தாங்க வேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்து எடுக்கும் 3 பிளாக்குகள் உறிஞ்சும் நீர், சராசரியாக எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஆனால் நீங்களே எடுத்துப்போனால், “அது எங்கள் பிளாக்கே இல்லை” என்பார்கள். அதனால் முதலில் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, மாதிரி எடுக்கும் நாளில் வரச் சொல்லுங்கள். வராவிட்டால் பொறியாளர் முன்னிலையில் எடுத்து, வீடியோ பதிவு செய்யுங்கள். வழக்கில் இன்னும் உறுதியான வழி உண்டு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(சி)-யின்படி ஆணையமே மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள் கெடு. கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

பில் இல்லாததால் வழக்கு விழாது. எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் ஆதாரமே. 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பிளாக் விலையோடு, சுவரை இடித்துக் கட்டும் செலவையும் கேளுங்கள்.

சோதனை முடிவைப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை மேலே கான்கிரீட் போடாதீர்கள். நஷ்டஈடு பிறகு வரும். பாரம் ஏறிய சுவர் அதுவரை காத்திருக்காது.